மாமனாரை முதுகில் தூக்கிய ஞாயிற்றுக்கிழமை

நான் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சுமார் நாலு நிமிஷம், நான் என்னை டாக்டர் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாலு நிமிஷத்தை என் இடுப்பு இன்றும் மழைக்காலத்தில் எனக்கு ஞாபகப்படுத்துகிறது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஒரகடம் பக்கத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், திரும்பி வர அதற்கும் மேல். மற்றவர்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். நான் போனில் வீடியோ பார்ப்பேன். கிரிக்கெட், பிரியாணி, பழைய வண்டியைப் புதுசாக்குவது எல்லாம் பார்த்து அலுத்தபிறகு, ஒருநாள் எங்கிருந்தோ முதுகெலும்பைச் சொடக்கெடுக்கும் வீடியோ ஒன்று வந்து சேர்ந்தது. கைரோபிராக்டிக் என்று பெயர். கோணிக்கொண்டு உள்ளே வருகிற ஆளை டாக்டர் குப்புறப் படுக்கவைப்பார். ஒரு திருகு, ஒரு அழுத்து, 'டக்' என்று சத்தம். எழுந்த ஆள் கண்ணில் தண்ணீரோடு டாக்டரைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்.

எனக்கு அந்தக் கட்டிப்பிடிக்கிற இடம்தான் ரொம்பப் பிடித்தது. அதை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். மூன்று மாதத்தில் எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டதாக நம்பினேன். கம்பெனியில் யாராவது இடுப்பைப் பிடித்தால், "எல் ஃபைவா இருக்கும்" என்று சொல்ல ஆரம்பித்தேன். (எல் ஃபைவ் என்றால் என்ன என்று ஒருத்தரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே பிழைத்திருப்பேன்.)

இத்தனை ஆர்வத்துக்கும் காரணம் என் மாமனார் தணிகாசலம்.

ரேவதியும் நானும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவள் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற குடும்பம். நான் ஐயம்பேட்டைப் பக்கம். எங்கள் தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டவர்கள், அப்பா எலக்ட்ரீஷியன், ஞாயிறு காலை சர்ச். என் பெயர் டேனியல். இந்தப் பெயரைக் கேட்டதும் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் செவிலிமேட்டில் வாடகைக்கு வீடு பிடித்தோம். ஆறு மாதம் கழித்து அத்தை, அதாவது ரேவதியின் அம்மா, மனசு இளகிப்போய்ப் பெண்ணை வரச் சொன்னார். பெண்ணோடு நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

மாமா திட்டவில்லை. வெளியே போ என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் செய்தார். "வா" என்று சொல்லவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் வாசல்படி ஏறுகிற யாரையும் அந்த ஒரு வார்த்தை சொல்லித்தான் உள்ளே விடுவார்கள். கரண்ட் கணக்கெடுக்க வருகிறவருக்கும் உண்டு, நேற்றுச் சண்டை போட்ட பங்காளிக்கும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை. வாராவாரம் நான் செருப்பைக் கழற்றிவிட்டு, அதை ஒழுங்காகச் சேர்த்து வைக்கிற மாதிரி ஒரு நிமிஷம் குனிந்து நேரம் கொடுப்பேன். மாமா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தறியில் உட்கார்ந்திருப்பார். ஊடு நூலைச் சுமந்த நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும் வரும். அத்தைதான் தறியின் ஓரத்திலிருந்து எழுந்து, "வாப்பா" என்று சத்தம் வராமல் சொல்வார்.

பேச வேண்டியிருந்தால் ரேவதி வழியாகப் பேசுவார். நான் ரெண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பேன். "ரேவதி, ஃபேன் போடணுமான்னு கேளு" என்பார். ரேவதி என்னைப் பார்ப்பாள். "வேணாம்னு சொல்லு" என்பேன். "வேணாமாம்பா" என்பாள். பெங்களூருக்கு டிரங்க் கால் போட்ட மாதிரி இருக்கும்.

இப்படியே கல்யாணமாகிப் பதினாலு மாதம் ஆகிவிட்டது. எனக்கு அந்த வீட்டில் சீர், செய்முறை எதுவும் வேண்டாம். அவர் வாயால் ஒரு "வா" வேண்டும், அவ்வளவுதான். வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, சில ஞாயிறுகளில் திரும்பி வரும்போது வண்டியில் ரேவதிக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்திருக்கிறேன். (தூசி என்று சொல்லிக்கொள்வேன். ஹெல்மெட் கண்ணாடி மூடித்தான் இருக்கும்.)

அந்தச் சமயத்தில்தான் மாமாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

குழித்தறியில் வேலை செய்கிறவர் தரையில் வெட்டிய பள்ளத்தில் காலைத் தொங்கவிட்டு, அதன் விளிம்பில் உட்கார்ந்து, கீழே மிதியை மிதித்துக்கொண்டே மேலே நாடா எறிய வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேலாக மாமா அப்படி உட்கார்ந்தவர். எழுந்திருக்கும்போது பாதியில் நின்றுவிடுவார். நிமிர ஐந்து நிமிஷம் ஆகும். அத்தை நொச்சி இலை ஒத்தடம் கொடுத்தார், மூன்று வகைத் தைலம் தேய்த்தார். வீட்டுக்குள் நுழைந்தால் பட்டு வாசனையை மீறித் தைலம் அடித்தது. டாக்டரிடம் போகலாம் என்று ரேவதி கெஞ்சினாள். மாமா அசையவில்லை. "எல்லாம் தானா சரியாப் பூடும்" என்பார்.

எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். முதுகு கோணிய ஒருவர். முதுகு நிமிர்த்தத் தெரிந்த மருமகன். நிமிர்ந்ததும் கட்டிப்பிடிக்கிற அந்த இடம். பஸ்ஸில் கண்ணை மூடினால் இந்தக் காட்சிதான் ஓடியது. அதில் மாமா அழுதார். நான் பெருந்தன்மையாக அவர் தோளைத் தட்டினேன்.

அந்த ஞாயிறு சர்ச் முடிந்து ரேவதியோடு போய்ச் சேர்ந்தேன். நெசவு வீடுகளில் அமாவாசைக்குத்தான் லீவு, ஞாயிறெல்லாம் கணக்கில்லை. யாரோ ஒரு வீட்டு முகூர்த்தப் புடவை தறியில் பாதிக்கு மேல் வந்திருந்தது, அரக்கு உடல், பச்சைக் கரை. நான் செருப்பைக் கழற்றிக் குனிந்த அதே நேரத்தில் உள்ளே மாமா தறியிலிருந்து எழுந்தார். எழுந்தவர் குழிக்கு வெளியே வந்து, பாதியில் அப்படியே நின்றுவிட்டார். தலை தரையைப் பார்க்கிறது, கை இடுப்பில். முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாங்க, இன்னா பண்ணுது?" என்று அத்தை ஓடினார்.

"ஒண்ணும் இல்ல. புடிச்சிக்கிச்சு."

அன்று பிடித்தது விடவில்லை. ஐந்து நிமிஷம் போனது, பத்து நிமிஷம் போனது. ரேவதி அழ ஆரம்பித்தாள். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டேன்.

"ரேவதி, மாமாகிட்ட சொல்லு. நான் ஒரே நிமிஷத்துல சரி பண்றேன்."

மாமா தரையைப் பார்த்தபடியே, "அவன் டாக்டரான்னு கேளு" என்றார்.

"டாக்டர் இல்லன்னு சொல்லு. ஆனா நெறைய பாத்துருக்கேன்னு சொல்லு."

"எங்க பாத்தானாம்?"

"பஸ்ஸுலன்னு சொல்லு."

(ரேவதி இதைச் சொல்லாமல் முழுங்கிவிட்டாள். அவளுக்கு என்மேல் இருந்த அன்பு அப்படி.)

மாமா வேண்டாம் என்றுதான் சொன்னார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னார். ஆனால் அத்தை பயந்து போயிருந்தார். "பாவம், புள்ள ஆசையா சொல்லுது, ஒரு வாட்டி பாக்கட்டுமே. எவ்ளோ நேரம் இப்படியே நின்னுக்கினு இருப்பீங்க?" என்றார். அந்த நிலையில் மாமாவால் ஓடவும் முடியாது.

குப்புறப் படுக்கவைக்கலாம் என்றால் அவர் படுக்க வளையவில்லை. ஆகவே எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு முறைக்குப் போனேன். முதுகோடு முதுகு வைத்து, பின்பக்கமாகக் கைகளைக் கோத்து, அவரை அப்படியே தூக்கி உதறுவது. வீடியோவும் நாட்டு வைத்தியமும் கலந்த என் சொந்தக் கண்டுபிடிப்பு. நான் வாசலைப் பார்த்து நின்றேன். மாமா தறியைப் பார்த்து நின்றார். முழங்கைகள் மாட்டிக்கொண்டன. "மூச்சை இழுத்து விடச் சொல்லு" என்றேன். "விட்டுட்டாராம்" என்றாள் ரேவதி. நான் குனிந்தேன்.

மாமாவின் கால்கள் தரையை விட்டு எழும்பின. 'டக்' என்று சத்தம் கேட்டது. அடடா, அந்தச் சத்தம். வீடியோவில் வருவதைவிடத் தெளிவாக இருந்தது. வெற்றி என்று நினைத்து ஒரு நொடி சிரித்தேன். அடுத்த நொடியில்தான் அந்தச் சத்தம் வந்தது மாமாவின் முதுகிலிருந்து இல்லை, என் முதுகிலிருந்து என்று தெரிந்தது.

இடுப்பில் யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் சொருகின மாதிரி இருந்தது. நிமிரவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. மாமா என் முதுகில் மல்லாந்து கூரையைப் பார்த்தபடி, "இறக்கு, இறக்கு" என்கிறார், கைகள் கோத்தபடி. நான் பாரம் தாங்காமல் பின்னால் ஓரடி வைத்தேன். இன்னோரடி வைத்தேன். மூன்றாவது அடிக்குத் தரை இல்லை.

அது ஒருவர் காலைத் தொங்கவிடுவதற்காக வெட்டிய பள்ளம். அதில் நாங்கள் இரண்டு பேர் இறங்கினோம். முதலில் மாமாவின் கால்கள் போய், பழக்க தோஷமோ என்னவோ, சரியாக மிதியின்மேல் நின்றன. அவர் பின்னால் என் இடுப்பு ஆப்பு அடித்த மாதிரி உள்ளே இறங்கியது. என் கால்கள் இரண்டும் வாசலைப் பார்த்து மேலே நீட்டிக்கொண்டிருந்தன. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மாமா தறியில் உட்கார்ந்து வேலைக்குத் தயாரான மாதிரி இருந்தார். அவருடைய முதுகில் மட்டும் ஒரு மருமகன் ஒட்டிக்கொண்டிருந்தான்.

நான் காலை உதறி எழப் பார்த்தேன்.

"அசையாத," என்றார் மாமா. "பாவு நூலெல்லாம் அறுந்துடும்."

வலியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒன்று உறைத்தது. ரேவதி பெயர் வரவில்லை. 'சொல்லு' வரவில்லை. நேராக எனக்குச் சொன்ன முதல் வார்த்தை. அசையாதே என்றுதான் சொன்னார், இருந்தால் என்ன, பதினாலு மாதத்துக்கு அப்புறம் கிடைத்தது. நான் அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா."

"எனக்கும் இல்ல."

இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன பொய் அது. முதுகு ஒட்டியிருந்ததால் அவர் உடம்பு நடுங்குவது எனக்குத் தெரிந்தது, என்னுடையது அவருக்கும் தெரிந்திருக்கும்.

அத்தை போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுப் பாபு அண்ணன், அவரும் நெசவுதான், "ஏமைந்தி, ஏமைந்தி" என்று, என்ன ஆச்சு என்பதைத் தெலுங்கில் கேட்டுக்கொண்டு ஓடி வந்தார். நிலைமையைப் பார்த்தார். யாரை முதலில் இழுப்பது என்று அவருக்குப் புரியவில்லை. என்னைத் தொட்டால் மாமா கத்தினார், மாமாவைத் தொட்டால் நான் கத்தினேன். கடைசியில் ரேவதி குழியின் பக்கத்தில் மண்டியிட்டு, எங்கள் முழங்கைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அழுதுகொண்டேதான் கழற்றினாள். பாதியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவள் பட்ட பாடு எங்கள் பாட்டைவிடப் பெரிது. புடவைக்குப் பெரிய சேதமில்லை, ஓரத்தில் சில இழைகள்தான் அறுந்தன. அத்தை அன்றே உட்கார்ந்து அவற்றை முடிச்சுப் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் இரண்டு பேரையும் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்த்து, ரேவதியும் அத்தையும் செவிலிமேட்டுக்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கைரோபிராக்டிக் கிளினிக் புதிதாக வந்திருந்தது. டாக்டர் என் தங்கை வயசுப் பெண். ஒல்லியாக இருந்தார். இவர் என்னத்தைத் திருகப் போகிறார் என்று நினைத்தேன். (அந்த நிலையிலும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.)

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டில். நடுவில் ஒரு திரை.

"எப்படி ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"வழுக்கி விழுந்துட்டோம்" என்றார் மாமா.

"ரெண்டு பேருமா?"

"ஆமாம்மா. மழையில."

மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. டாக்டர் எங்கள் முழங்கைகளைப் பார்த்தார். நாலிலும் ஒரே மாதிரி சிராய்ப்பு. மாமா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது தாங்க முடியாமல் நானே ஒப்புக்கொண்டேன், வீடியோ, பஸ், முதுகோடு முதுகு எல்லாவற்றையும்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அந்த வீடியோவுல ஒண்ண வெட்டிட்டுதான் சார் போடுவாங்க," என்றார். "கை வைக்கிறதுக்கு முன்னாடி அரைமணி நேரம் கேள்வி கேப்போம். கால் மரத்துப்போகுதா, விரல்ல பலம் இருக்குதா, ஒண்ணுக்கு ஒழுங்கா போகுதா, எலும்புல தேய்மானம் இருக்குதா. இதுல ஏதாவது ஒண்ணு தப்பா இருந்தா நான் தொடவே மாட்டேன், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். நீங்க ஒண்ணுமே கேக்காம தூக்கிட்டீங்க. குழியில விழுந்ததோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க."

 நான் கோமாளித்தனம் செய்தேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த மனுஷரின் காலை முடக்கியிருக்கக்கூடும் என்று அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் இரண்டு பேரையும் சுத்தியால் தட்டிப் பார்த்து, காலைத் தூக்கிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லி, எல்லாம் பார்த்த பிறகுதான் கை வைத்தார். எனக்குத் தசைப்பிடிப்புதான். என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து இடுப்பில் கையை வைத்தார். நான் அலறினேன். திரைக்கு அந்தப் பக்கம் மாமா கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"சார், நான் இன்னும் ஒண்ணும் பண்ணல" என்றார் டாக்டர்.

பிறகு செய்தார். மெதுவாக ஒரு அழுத்து. 'டக்' என்று சத்தம் வரவில்லை. நான் ஏமாற்றத்தோடு, "சத்தம் வரலையே" என்றேன்.

"சத்தத்துல ஒண்ணும் இல்ல சார். விரல்ல சொடக்கு விட்டா வருதே, அதேதான். மூட்டு இறுகிப்போய் அசையாம நிக்குது, அதுக்கு அசைவு திரும்பணும். அசைஞ்சா வலி குறையும். வலி குறைஞ்சா நீங்களே அதை அசைக்கலாம். என் வேலை பாதி, உங்க வேலை பாதி."

அடுத்து மாமா. திரையை விலக்கிவிட்டார்கள். டாக்டர் அவரிடம் எத்தனை மணி நேரம் தறியில் உட்காருவார் என்று கேட்டார்.  மாமா ஜன்னலைப் பார்த்தார். மெல்லக் கேட்டார்:

"தறியில உக்காரக் கூடாதுன்னு சொல்லுவியாம்மா?"

இத்தனை நாளாக டாக்டரிடம் வராததற்குக் காரணம் அதுதான். வலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லிவிடக் கூடாது என்று பயந்திருக்கிறார். நானும் ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் பயம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

"நான் எதுக்குங்கய்யா அப்படிச் சொல்றேன்?" என்றார் டாக்டர். "எப்படி உக்காரணும்னுதான் சொல்லப்போறேன். கட்டில் ஓரத்துல உக்காந்து, நெய்யிற மாதிரி செஞ்சு காட்டுங்க பாக்கலாம்."

மாமா உட்கார்ந்தார். கையைத் தூக்கி, இல்லாத நாடாவை எறிந்தார். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று வரும் புடவைக்கு, நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். கரை நாடாவை அவர் கோத்து வாங்கித் தர வேண்டும். வீட்டில் அந்த இடம் அத்தையுடையது. அத்தை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாமாவின் கை எறிந்த வாக்கில் அந்தரத்தில் நின்றது. கை நீண்டிருந்த பக்கத்தில் அடுத்த கட்டிலில் நான்தான் படுத்திருந்தேன். படுத்தபடியே கையை நீட்டி, இல்லாத நாடாவை வாங்கி, இல்லாத கரையில் கோத்துத் திருப்பி அனுப்பினேன்.

மாமா என் பக்கம் திரும்பவில்லை. "இவ்ளோ லேட்டா போட்டா புடவை எப்பப்பா முடியும்?" என்றார்.

டாக்டர் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக உடம்பு ஒரே பக்கம் சாய்கிறது, ஒரு பக்கத் தசை இரும்பாகிவிட்டது, இன்னொரு பக்கம் வேலையே செய்வதில்லை என்று தொட்டுக் காட்டினார். அன்றைக்கு அவருக்கு அழுத்தம்கூடக் கொடுக்கவில்லை. மெதுவாக நீவி, மூச்சு விடச் சொல்லி அனுப்பினார். நாலாவது தடவை போனபோதுதான் முதுகில் கையை வைத்து அசைத்தார். அன்று மாமா ஆட்டோவிலிருந்து தானாகவே நிமிர்ந்து இறங்கியதை அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

வைத்தியம் முழுசாக முடிய மூன்று மாதம் ஆனது. முதல் இரண்டு வாரம் தறி கிடையாது, நடை மட்டும். பாபு அண்ணன் தன் தறி வேலையை முடித்துவிட்டு வந்து அந்த முகூர்த்தப் புடவையை நெய்து கொடுத்தார். பிறகு இருபது நிமிஷம் உட்காரலாம், எழுந்திருக்க வேண்டும். குழி விளிம்பில் மடித்த மெத்தை. கால் முழுசாக மிதியில் படுகிற மாதிரி அடியில் ஒரு பலகை. வலி போய்விட்டது என்று பயிற்சியை நிறுத்தினால் ஆறு மாதத்தில் திரும்ப இங்கேதான் வருவீர்கள் என்று டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார். இரண்டு பேருக்கும் ஒரே பயிற்சிதான். மாமா தனியாகச் செய்ய வெட்கப்பட்டார். அதனால் நான் கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால், காலை ஐந்தரைக்கே பிள்ளையார்பாளையம் போய்விடுவேன். இரண்டு பாய் விரித்து, கையையும் முழங்காலையும் ஊன்றி, முதுகைப் பூனை மாதிரி வளைப்போம். அத்தை காபி டம்ளரோடு நின்று சிரிப்பார். மாமாவுக்குக் கோபம் வரும். கோபத்தில் எண்ணிக்கை தப்பும். நான்தான் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

தறியில் உட்கார்ந்துவிட்டால் நேரம் போவது அவருக்குத் தெரியாது. அதனால் அத்தை போனைக் கொண்டுபோய் எதிர் ஜன்னலில் வைத்தார். நான் கம்பெனியில் டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் போன் அடிப்பேன். அதை எடுக்க அவர் எழுந்து நடந்தாக வேண்டும். எடுப்பார், ஒன்றும் பேசாமல் வைப்பார். ஒரு மாதம் கழித்து "ம்" என்றார். அதற்கடுத்த மாதம், "எழுந்துட்டேன். நீ எழுந்தியா?" என்று கேட்டார். டீக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த நான், "எழுந்துட்டேன் மாமா" என்றேன். மேலே பேச முடியவில்லை. மிஷின் சத்தம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதெல்லாம் நடந்தும் "வா" மட்டும் வரவில்லை. ஐந்தரை மணிக்கு நான் போகும்போது கதவு திறந்திருக்கும், என் பாய் விரித்திருக்கும், அந்த வார்த்தை மட்டும் இருக்காது. கொஞ்ச நாளில் நானும் செருப்பைக் குனிந்து அடுக்குவதை விட்டுவிட்டேன். சில வீடுகளில் சில ஜன்னல் திறக்காது, அதற்காக வீட்டையே குறை சொல்ல முடியுமா என்று சமாதானம் ஆகிவிட்டேன்.

வருஷம் நாலு ஓடிவிட்டது. தறிக்குழிக் கதை எங்கள் வீட்டில் எல்லா விசேஷத்திலும் உண்டு. காதுகுத்து, வளைகாப்பு, எதுவாக இருந்தாலும் சாப்பாடு முடிந்ததும் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் மகளுக்கு மூன்று வயது. யார் முதுகைப் பிடித்தாலும், "அப்பா, நீ தூக்காத" என்கிறாள்.

போன மாதம் மாமாவைக் கிளினிக்குக் கூட்டிப்போனேன், ரேவதியும் வந்தாள். வலி ஒன்றும் இல்லை. சில மாதத்துக்கு ஒருமுறை காட்டிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்கு எதிரே பூக்கடைக்காரர் ஒருவர் இடுப்பைப் பிடித்தபடி பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். முதல் தடவை வருகிறாராம். உள்ளே எலும்பை முறிப்பார்களா என்று கேட்டார்.

மாமா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு கதையை ஆரம்பித்தார். நாங்கள் நூறு தடவை கேட்டதுதான், எங்கே சிரிப்பு வரும் என்று எங்களுக்குத் தெரியும். பூக்கடைக்காரர் இடுப்பை மறந்து கேட்க ஆரம்பித்தார்.

"எனக்கு அன்னிக்கு நிமிரவே முடியல," என்றார் மாமா. "வாசல்ல நம்ம மாப்பிள்ள நின்னுக்கினு இருந்தாரு. நான்தான் கூப்பிட்டேன். வாப்பா, உள்ள வா, வந்து கொஞ்சம் தூக்கி விடுன்னேன்."

ரேவதி திருத்துவதற்கு வாயைத் திறந்தாள். நான் அவள் கையை அழுத்தினேன்.

பூக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "அப்படியா?" என்றார்.

"ஆமாங்க," என்றேன். "மாமா கூப்பிட்டாரு, போனேன்."